கேப்டன் சொன்னதும் நான் சொன்னதும்

1919 நவம்பர் 11

உம்முஸ் ஸமக் வந்து சேர்ந்தோம். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். பெயருக்கு ‘மீன்களின் தாய்’ என்று அர்த்தம். காயல்பட்டணத்தில் பிறந்த ஒருவனை ஏமாற்ற இந்தப் பெயர் போதும். ஆனால் எல்லாம் ஆற்று மீன். கடலையே பார்க்காத மீனுக்கு என்ன ருசி இருக்கப்போகிறது!

நான் இங்கே வந்த கதையைச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன். யுத்தம் முடிந்த சமயம் பஸ்ராவில் ராணுவக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பெரிய துரை வந்து, “இங்கே யாருக்கு அரபு தெரியும்?” என்றார். ஏழு வருஷம் மத்ரஸாவில் ஓதியவன் என்பதால் கையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு என்னைப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

என் மேலதிகாரி கேப்டன் விட்கோம். வயது இருபத்தைந்து. மூக்குத் தோல் வெயிலில் உரிந்து தொங்குகிறது. படகில் வரும்போது என்னிடம் சொன்னார்: “துருக்கியரை விரட்டியாயிற்று, சதக். நிலத்தைப் பிடிப்பது சுலபம். பிடித்ததை அமைதியாக வைத்திருப்பதுதான் கஷ்டம். இந்த ஊரில் ஒரு குண்டு வெடிக்கக் கூடாது. நம்மைப் பார்த்தும் வெடிக்கக் கூடாது, ஒருவரை ஒருவர் பார்த்தும் வெடிக்கக் கூடாது.” அதற்காக அவரிடம் ஐம்பது சிப்பாய்களும் நானும் இருக்கிறோம்.

மாலையில் காபிக் கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். நான் கற்றது கிதாபு அரபு, அதாவது புத்தகப் பேச்சு. “கண்ணியமிக்க சகோதரரே, தாகித்தவனுக்கு நீர் புகட்டுவீராக” என்கிற மாதிரி வந்துவிட்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் “ஆமீன்” என்றார். தண்ணீர் மட்டும் வரவில்லை.

நவம்பர் 14

ஊர்க்கூட்டம். ஷேக் நாயிஃப் தன் ஆட்களோடு வந்து உட்கார்ந்தார். ஆற்றின் இந்தக் கரை அவருடையது. நாற்பது வயது இருக்கும். இடது கால் கொஞ்சம் தாங்கல். எதிர்க்கரைக்காரரான ஷேக் ஹமூத் பருத்த மனிதர். வந்ததிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கரைக்கும் மூன்று தலைமுறைப் பகை.

கேப்டன் எழுந்து, “நீங்கள் ஜெயிக்கப்பட்டவர்கள். இனி எங்கள் சட்டம்தான் இங்கே செல்லும். எதிர்த்தால் வீடுகள் இடிக்கப்படும்” என்றார்.

ஜெயிப்பதற்கு நான் கற்ற சொல் ‘ஃபத்ஹ்’. அதற்குத் திறப்பது என்றும் பொருள் உண்டு. நான் சொன்னதை அவர்கள், “உங்கள் ஊர்க் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறோம்” என்று புரிந்துகொண்டார்கள். இது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். வீடு இடிக்கும் விஷயம் எப்படியோ வாய்க்கு வராமல் போயிற்று. இதையும் பிழைக் கணக்கிலேயே வைக்கலாம்.

ஷேக் நாயிஃப் சிரிக்காமல் பதில் சொன்னார்: “எங்க கதவு எப்பவும் திறந்துதான் இருந்துச்சு. பிறகு ஏன் இடிச்சுக்கிட்டு வந்தீங்கன்னு கேளு.” (இவர்கள் பேச்சை நம் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன்.)

கேப்டன் என்னைப் பார்த்தார். “கதவு திறந்திருக்கிறது, வாருங்கள் என்கிறார்” என்றேன்.

கேப்டனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எல்லாரும் தேநீர் குடித்தோம்.

நவம்பர் 20

பாலமும் பாதையும் போடும் சாப்பர் படையின் ஹவில்தார் பொன்னுரங்கம் வாலாஜாக்காரர். மூன்று நாளாகப் புளி இல்லாமல் பித்துப் பிடித்தவர் போல் அலைகிறார். காய்ந்த கறுப்பு எலுமிச்சை வாங்கிக் கொடுத்தேன். குழம்பு கறுப்பாக வந்தது. “இன்னா சாயபு, தாரு ஊத்தினியா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார்.

டிசம்பர் 9

இரண்டு கரையும் சேர்ந்து பத்து நாளுக்குள் இருநூறு துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். தவறினால் தோப்புகள் வெட்டப்படும் என்று உத்தரவு. கேப்டன் என்னைக் கூப்பிட்டு, இரண்டு ஷேக்குகளிடமும் போய்ச் சொல்லச் சொன்னார்.

ஒரு பேரீச்சை மரம் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று போகும் வழியில் ஒரு தோட்டக்காரரிடம் விசாரித்தேன். தேவையில்லாத விசாரணைதான்.

ஷேக்குகளிடம் சொன்னது இது: “சர்க்கார் துப்பாக்கி சேகரிக்கிறது. எண்ணிக்கை இருநூறு. அவை சுடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.” நான் பொய் சொல்லவில்லை. உத்தரவில் அப்படி ஒரு வரி உண்மையிலேயே இல்லை.

டிசம்பர் 18

துப்பாக்கிகள் வந்துவிட்டன. இருநூற்று மூன்று. குழல் வளைந்தவை, பூட்டு இல்லாதவை, அக்பர் காலத்தவை. ஒன்றில் குருவிக் கூடு இருந்தது. ஹவில்தார் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே வந்தவர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“சாயபு, இது நம்ம ஸ்டோர்ல காணாமப் பூட்ட தண்ணிக் கொழா.”

“மெதுவா பேசும்.”

“கட்டையில சொருவி வச்சிக்கிறாங்க. இன்னா வேலை பாரு!”

கேப்டன் அங்கேயே வந்துவிட்டார். குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார்.

“நீளமான ரகம்” என்று சொல்லி அடுக்கின் மேல் வைத்தார். பிறகு மேலிடத்துக்கு இருநூற்று மூன்று என்று எழுதினார்.

இந்த மனிதரை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது.

1920 ஜனவரி 22

கால்வாய்ச் சண்டை. மதகு ஷேக் நாயிஃப் கரையில். அதன் கடைமடை இதே கரையில் ஷேக் ஹமூதுக்குச் சேர்ந்த ஒரு துண்டு நிலத்தில். வருஷா வருஷம் இதில் இரண்டு பேராவது சாவார்களாம். கேப்டன் அளவுகோல் வைத்துப் படம் போட்டு, ஆளுக்குப் பாதித் தண்ணீர் என்று தீர்ப்புச் சொன்னார். நியாயமான தீர்ப்பு. அப்படியே சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே வெட்டு விழுந்திருக்கும். இரண்டு தரப்பும் ஒரே அளவில் தோற்பதை இந்த ஊர் பொறுக்காது.

எனவே கேப்டன் தீர்ப்போடு ஒரு வாக்கியம் சேர்த்தேன்: “எந்த ஷேக் பெருந்தன்மையாகத் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறாரோ அவர் பெயரைக் கால்வாய்க்கு வைப்பதாக கேப்டன் சொல்கிறார்.”

ஜனவரி 25

ஷேக் நாயிஃப் நேற்று மதகை முழுதாகத் திறந்துவிட்டார். ஷேக் ஹமூத் அவமானம் தாங்காமல், வந்த தண்ணீரையெல்லாம் அணை போட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டு பெருந்தன்மைகளும் நடுவில் சந்தித்த இடத்தில் கேப்டன் ஆசையாக வளர்த்த பட்டாணித் தோட்டம் இருந்தது.

தோட்டம் போய்விட்டது. ஆனால் யாரும் சாகவில்லை. கால்வாய்க்கு இரண்டு பெயரும் வைத்தாயிற்று; எந்தப் பெயர் முதலில் வர வேண்டும் என்று இப்போது பேச்சுவார்த்தை. இது பத்து வருஷம் ஓடும். ஓடட்டும்.

பிப்ரவரி 16

என் மனைவி செய்யிதும்மாவின் கடிதம் தணிக்கைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் எழுதுவது அரபு எழுத்தில், மொழி தமிழ். எழுத்தைப் படித்தவனுக்கு மொழி விளங்கவில்லை. ஏதோ சங்கேதம் என்று நினைத்து, விளக்கம் கேட்டு கேப்டனுக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர் சங்கடத்தோடு, “மன்னித்துக்கொள் சதக், மொழிபெயர்த்துவிடு” என்றார்.

கடிதத்தில் இருந்தது: “இங்கே தெருவுக்குத் தெரு கிலாபத் கூட்டம் நடக்குது. துருக்கி கலீபாவைத் தோக்கடிச்சவங்க கையால சோறு திங்கிறவன் பொண்டாட்டின்னு கல்யாண வீட்ல என் காதுபடவே சொல்லுதாங்க. நீங்க அங்கே என்னதான் செய்றீங்கன்னு எனக்கே தெரியலை. தெரிஞ்சா நாலு வார்த்தை நானும் திருப்பிச் சொல்லுவேன்.”

கேப்டனிடம், “ஊரில் நல்ல மழை, கல்யாணங்கள் நடக்கின்றன, என் வேலையைப் பற்றி விசாரிக்கிறாள்” என்றேன்.

“அருமையான பெண்” என்றார்.

இன்று பகல் சாப்பிடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இன்னும் வெயில் காலம் வரவில்லைதான்.

மார்ச் 12

ஷேக் நாயிஃப் மீன் விருந்துக்கு என்னை மட்டும் அழைத்தார். நாணலால் கட்டிய அவருடைய விருந்து மண்டபம் கப்பலைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கும். மீனை முதுகு வழியாகப் பிளந்து, நெருப்புக்குப் பக்கத்தில் குத்திவைத்துச் சுட்டார்கள். உப்பும் புளிப்புமாக நன்றாகவே இருந்தது. ஆற்று மீனைப் பற்றி முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

கை கழுவியபின் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து இங்கிலீஷில், “மிஸ்டர் சதக், உன் மொழிபெயர்ப்பு மிகப் பிரமாதம்” என்றார்.

கழுவிய கையை மறுபடி கழுவினேன்.

“மூன்று வருஷம் நான் உங்கள் மெட்ராஸ் ராஜதானியில் யுத்தக் கைதி. துருக்கியர் என்னைப் பிடித்துப் படையில் சேர்த்தார்கள். இங்கிலீஷ்காரர் பிடித்து முள்கம்பிக்குள் போட்டார்கள். இங்கிலீஷ் அங்கே கற்றது.” பிறகு, “உன் பாஷையும் கொஞ்சம் வரும்” என்று சொல்லித் தமிழில், “சும்மா இருடா!” என்றார். காவல்காரர்களிடம் கற்றிருக்கிறார்.

வீடு இடிப்பு முதல் கேப்டன் சொன்ன எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல் உட்கார்ந்திருக்கிறார்!

“ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கலை?” என்றேன்.

இப்போது அரபுக்கு மாறினார். “அந்தக் கூட்டத்துல அவன் சொன்னது சொன்னபடி எங்க ஆளுங்க காதுல விழுந்திருந்தா, நான் எழுந்து நின்னு அவனைச் சுட்டிருக்கணும். என் மானத்துக்கு வேற வழி கிடையாது. பொறவு உங்க பீரங்கி வரும். நீ கதவு அது இதுன்னு உளறினே. எனக்கு ஒரு தேநீரோட போச்சு. நீ உளறிக்கிட்டே இரு.”

“நீங்க பேசுறதும் ரொம்பக் காரமாத்தான் இருக்கு.”

“அது எங்க ஆளுங்களுக்காகப் பேசுறது. சர்க்கரை போட நீதான் இருக்கியே!”

ஏப்ரல் 19

கேப்டன் அரபு கற்றுத்தரச் சொன்னார். மறுக்க முடியுமா? எங்கள் மத்ரஸாவில் தொடங்குகிற இடத்திலிருந்தே தொடங்கினேன்: “ஸைத் அம்ரை அடித்தான்.” அடித்தான், அடித்தாள், அடித்தார்கள், அடிக்கப்பட்டான். அவசரம் இல்லாமல் போகலாம்.

மே 30

ஒரு மாதத்துக்கு மேலாக ஸைத் அம்ரை அடித்துக்கொண்டே இருக்கிறான். கேப்டன் இன்று, “இந்த அம்ர் திருப்பி அடிக்கவே மாட்டானா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இலக்கணத்தில் பதில் இல்லை.

என்னிடம் படிப்பது போதாதென்று காபிக் கடையிலும் போய் உட்காருகிறாராம். கடைக்காரர் சொன்னார். இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 5

தெற்கே ஓர் ஊரில் ஒரு ஷேக்கைப் பிடித்து அடைத்தார்களாம். அவருடைய ஆட்கள் வந்து உடைத்து மீட்டுக்கொண்டு போனார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் பற்றிக்கொண்டு வருகிறது. காபிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நிற்கிறது. ‘ஆமீன்’ சொன்னவர் கூட இன்று என் சலாமுக்குத் தாமதித்துப் பதில் சொன்னார்.

ஜூலை 7

தந்தி வந்தது. ஷேக் நாயிஃபைக் கைதுசெய்து படகில் பஸ்ராவுக்கு அனுப்ப வேண்டும்.

கேப்டன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “அவர் வீட்டுக்குப் போனால் ரத்தம் சிந்தும். நாளைக் காலை தேநீருக்கு இங்கே வரச்சொல்லி நீயே போய் அழை. உன்னை நம்புவார். வந்ததும் கையில் விலங்கு மாட்டிவிடலாம்.”

நான் கிளம்பவில்லை.

“என்ன?”

“என்னால் முடியாது, சார்.”

“பயமா?”

“இல்லை, சார். எட்டு மாதமாக நான் இவர்களிடம் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் சொன்னேன். ஆனால் விருந்துக்குக் கூப்பிட்டுப் பிடிக்கிற பொய்யை இதுவரை சொன்னதில்லை.”

இப்படிச் சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாம் வந்துவிட்டது. கதவு, துப்பாக்கி, கால்வாய், பட்டாணித் தோட்டம். ஷேக்குக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை மட்டும் விட்டுவிட நினைத்தேன், அதுவும் வந்துவிட்டது. “அவரைப் பிடித்தால் இந்த ஊர் எழும். நாம் ஐம்பத்திரண்டு பேர். பிடிக்காவிட்டால் ஒருவேளை எழாது” என்று முடித்தேன்.

கேப்டன் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. “துப்பாக்கி எனக்குத் தெரியும்,” என்றார் மெல்ல. “பட்டாணியுமா?”

“மன்னிக்க வேண்டும், சார்.”

என்னை வாற்கோதுமைக் கிடங்கில் பூட்டச் சொல்லிவிட்டார். இதை மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூலை 8

பகல் பன்னிரண்டு மணிக்கு ஹவில்தார் சோறு கொண்டுவந்தார்.

“சாயபு, இன்னா கூத்து தெரியுமா? தொரை தனியாவே பூட்டாரு ஷேக்கு ஊட்டாண்ட. துப்பாக்கிகூட எடுத்துக்கினு போவல. நான் பின்னாடியே ஓடி வாசல்ல நிக்கிறேன். உள்ள ரெண்டு பேரும் இங்கிலீசுல ஒரே சத்தம். நடுவுல யாரும் இல்ல பாரு, நேருக்கு நேரு. தொரை கத்தறாரு, ஷேக்கு அதுக்கு மேல கத்தறாரு.”

“பொறவு?”

“அரை மணி கழிச்சு ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. மூஞ்சி ரெண்டும் தக்காளி மாதிரி. ‘சதக்கை இட்டா’ன்றாரு தொரை. ‘இப்பவே இட்டா’ன்றாரு ஷேக்கு. எழுந்திரு!”

போனேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஷேக் அரபில் சொன்னார்: “இந்தப் பையன்கிட்டச் சொல்லு. எனக்கு அவன் சர்க்கார்மேல அன்பு கிடையாது. அவங்க போகணும். ஆனா பொணமா போக வேணாம், நடந்து போங்கன்னுதான் சொல்றேன்.”

காபிக் கடையில் உட்கார்ந்து அரபு பழகிய கேப்டனுக்கு இது விளங்கும். புரியும் மனிதருக்கே மொழிபெயர்ப்பது விநோதமான வேலை. “உங்கள் உயிருக்குத் தாம் பொறுப்பு என்கிறார்” என்றேன்.

கேப்டன், “கிழட்டு நரி என்னை ஏமாற்றினால் சுட்டுவிடுவேன் என்று சொல்” என்றார்.

“கேப்டன் உங்களை நம்புகிறார்” என்றேன்.

இரண்டு பேருக்கும் இரண்டும் காதில் விழுந்தன. இருவரும் தலையை ஆட்டினார்கள். உடன்பாடு ஆயிற்று.

‘ஷேக்குக்குக் கடும் காய்ச்சல். பயணம் செய்தால் இறந்துவிடுவார்’ என்று கேப்டன் தந்தி கொடுத்தார். எழுதும்போது இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார். முதல் முழுப் பொய்க்கு அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 13

தந்திக் கம்பி அறுந்துவிட்டது. நல்லவேளை, பதில் வர வழியில்லை.

ஜூலை 28

பதினைந்து நாளாகச் சரக்குப் படகு வரவில்லை. ஆற்றுக்கு மேலும் கீழும் புகை தெரிகிறது. சிப்பாய்கள் சாப்பிடுவது ஷேக் நாயிஃபின் வாற்கோதுமை. போட்டிக்கு ஷேக் ஹமூத் தினம் ஓர் ஆடு அனுப்புகிறார். வெளியூர்க் கூட்டம் ஒன்று குதிரைகளில் வந்து, “உள்ளே இருக்கிற காபிர்களை ஒப்படையுங்கள்” என்று கேட்டது. இரண்டு ஷேக்குகளும் தோளோடு தோள் நின்று, “எங்க விருந்தாளிங்க” என்றார்களாம். மூன்று தலைமுறையில் அவர்கள் ஒரே வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை என்று காபிக் கடைக்காரர் சொன்னார்.

கூட்டத்தில் ஒருவன் என்னைக் குறிப்பிட்டு, “இவன் முஸ்லிம்தானே, இவனுக்கு அங்கே என்ன வேலை?” என்றானாம். என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6

ஊரைக் காலி செய்துகொண்டு படகுகளில் புறப்பட்டோம். முன் படகில் இரண்டு ஷேக்குகளும் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரையில் துப்பாக்கியோடு நின்றவர்கள் அவர்களைப் பார்த்துவிட்டுக் கையைத் தாழ்த்தினார்கள். வளைவு வளைவாக ஒன்பது மணி நேரம். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஐம்பத்திரண்டு பேரும் உயிரோடு முகாம் சேர்ந்தோம். ஹவில்தார் கரையிறங்கி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஷேக் நாயிஃப் என்னிடம், “இனிமே வராதீங்க” என்றார். இதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

அக்டோபர் 9

வந்தோம். பீரங்கிகளோடு, ஆயிரம் பேரோடு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கர்னலின் கீழ். நடுவே எரிந்த ஊர்களை எழுதப்போவதில்லை. காவற்படை வெளியேறிய ஊர்களின் பட்டியல் ஒன்று கர்னலிடம் இருக்கிறது. அதில் உம்முஸ் ஸமக் ஆறாவது. ஊரைக் காட்டிக்கொடுக்க கேப்டன், பேச நான்.

கர்னல் குதிரையிலிருந்து இறங்காமலே சொன்னார்: “காவற்படையை விரட்டிய குற்றத்துக்கு இந்த விருந்து மண்டபம் கொளுத்தப்படும். பிறகு ஊர். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் சொல்லட்டும்.”

ஷேக் நாயிஃப் முன்னே வந்தார். ஊரே பின்னால் நின்றது; பெண்கள் கூரைகளில். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரத்துச் சொன்னார்:

“இவன்கிட்டச் சொல்லு. ஜூலை மாசம் இவன் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டது இந்தக் கூரைதான். சோறு போட்டது குத்தம்னா கொளுத்தட்டும். ரெண்டு வருஷமா விடுதலை, நீதின்னு எங்ககிட்ட என்னென்னவோ சொன்னாங்க. இவங்க சொன்னதுல மெய்யான முதல் வார்த்தை இந்த நெருப்பாத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும்: சர்க்கரையைப் போடு.

தூசி அதிகம். தொண்டை அடைத்தது. வழக்கமாக வாயில் தானாக வருகிற சொற்கள் அன்று வரவில்லை. வந்ததைச் சொன்னேன். சொல்லுக்குச் சொல், ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல், நல்ல இங்கிலீஷில். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஷேக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கர்னலின் முகம் ஊதாவாயிற்று. அவர் கை மேலே எழும்பியது. தீவட்டிக்காரன் ஓர் அடி முன்னால் வந்தான்.

அப்போது கேப்டன் விட்கோம் குதிரையை நடுவில் விட்டார். “ஒரு நிமிஷம், கர்னல். மன்னிக்க வேண்டும். இந்த மொழிபெயர்ப்பாளர் கற்றது புத்தக அரபு. இந்த ஊர்ப் பேச்சு இவருக்கு எட்டாது. இதனால் எனக்கு ஏற்கனவே பல தொல்லைகள்.”

“உமக்கு அரபு தெரியுமா?”

“ஆறு மாதம் முறையாகப் படித்திருக்கிறேன், சார்.” பிறகு ஷேக்கைப் பார்த்து, அரபில், எல்லாருக்கும் கேட்க, கம்பீரமாக, “ஸைத் அம்ரை அடித்தானா?” என்று கேட்டார்.

ஷேக் நாயிஃப் இமைக்காமல் பதில் சொன்னார்: “அடித்தான். ஆனா அம்ர் பொறுத்துக்கிட்டான். இந்தச் சிவப்பு மூஞ்சிக்காரன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தா போதும்.”

“பார்த்தீர்களா?” என்றார் கேப்டன். “ஜூலையில் நம் சிப்பாய்களைக் காப்பாற்றி ஆகஸ்டில் படகில் அனுப்பிவைத்தது இவர்தான். அதில் பெருமைப்படுவதாகச் சொல்கிறார். நெருப்பு என்றது அடுப்பை. படைக்குச் சமைக்க ஏற்பாடு செய்திருக்கிறாராம். நான் உயிரோடு நிற்பதே இதற்குச் சாட்சி, சார்.”

கடைசி வாக்கியம் மெய். அதுதான் கர்னலைத் தைத்திருக்க வேண்டும். கேப்டனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “இந்த முட்டாளை இன்றே வேலையிலிருந்து நீக்குங்கள்” என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். தீவட்டியை ஆற்றில் அமுக்கினார்கள்.

படை சாப்பிட்டு முடிக்கும்வரை ஷேக் நாயிஃப் என்னிடம் பேசவில்லை. ஆட்கள் கலைந்தபின் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“பாவி! நீ மாத்திச் சொல்லுவேங்கிற தைரியத்துலதானேடா நான் அப்படிப் பேசினேன்!”

“தொண்டையிலே தூசி” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். வேறு ஏதோ கேட்க வந்தவர் கேட்காமல், பக்கத்தில் உட்கார இடம் விட்டார்.

அக்டோபர் 24

பஸ்ரா. பம்பாய்க் கப்பல் நாளை மறுநாள். துறைமுகம் வரை ஹவில்தார் கூட வந்தார். “ஊட்டுக்குப் போயி புளி போட்டுச் சாப்பிடு, சாயபு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேப்டன் வேலைச் சான்றிதழை உறையில் ஒட்டிக் கொடுத்திருந்தார். இப்போதுதான் பிரித்தேன். கர்னல் கட்டளைப்படி, திறமைக் குறைவால் நீக்கம் என்று முதல் வரியில் இருக்கிறது. கீழே கேப்டன் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்:

‘அக்டோபர் எட்டாம் தேதி வரை இவருடைய மொழிபெயர்ப்பு முற்றிலும் நம்பத்தகுந்ததாக இருந்தது.’